பக்கத்து வீட்டுச் சாவி

நுழையும்முன்

ஊதியம் கருதாமல், ஆர்வத்தால் மட்டுமே மென்பொருள் எழுதுவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் எழுதிய சிறு நிரல்கள் இலட்சக்கணக்கானோரின் கணினிகளிலும் திறன்பேசிகளிலும் இயங்கி வருகின்றன. விளையாட்டாகத் தொடங்கிய ஒரு முயற்சி பிறருடைய நம்பிக்கையைப் பெற்றுவிட்ட பின்பு, அதை எழுதியவருக்கு என்ன கடமை உண்டு? அவர் அதைக் கைவிடலாமா? விற்கலாமா? இவ்வினாக்களை எடுத்துக்கொண்டு கருத்துரைக்கிறது இப்பாடம்.

தேர்வுக்காலத்தில் பிறந்த நிரல்

தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் மற்ற வேலைகள் எல்லாம் இனிமையாகத் தோன்றுவது மாணவர் இயல்பு. புத்தக அலமாரியை ஒழுங்குபடுத்தத் தோன்றும். பழைய குறிப்பேடுகளைப் புரட்டத் தோன்றும். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சென் என்ற மாணவருக்கு, 2002 ஆம் ஆண்டில், நிரல் எழுதத் தோன்றிற்று. அப்போது பீனிக்ஸ் என்ற பெயரில் ஓர் உலாவி வளர்நிலையில் இருந்தது. பின்னர் ஃபயர்பாக்ஸ் எனப் பெயர் மாறி, 2004 நவம்பரில் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்தது அதுவே. இணையப் பக்கங்களில் வந்து கண்ணை உறுத்திய விளம்பரப் படங்களை அந்த உலாவியில் மறைப்பதற்காக அவர் ஒரு சிறு நிரலை எழுதினார். அதற்கு ‘ஆட்பிளாக்’ என்று பெயர். படிப்பைத் தள்ளிப்போடுவதற்குக் கிடைத்த வேலையாகவே அதைச் செய்ததாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். அதனால் அவருக்குப் பொருள் வரவு எதுவும் இல்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து வேறு சிலர் அப்பணியைத் தொடர்ந்தனர். 2006 ஆம் ஆண்டில் விளாதிமிர் பாலன்ட் என்பவர் அதே கருத்தைப் புதிதாக எழுதி ‘ஆட்பிளாக் பிளஸ்’ என வெளியிட்டார். விளம்பரத்தை நம்பி வாழும் இணையத் தொழில் முழுமையும் அஞ்சத்தக்க ஒரு போக்கு இவ்வாறு உருவாயிற்று. அதன் தொடக்கம் ஒரு மாணவரின் தேர்வுக்கால ஓய்வு நேரம் என்பது வியப்புக்குரியது.

ஊதியமின்றி, எவருடைய கட்டளையுமின்றித் தம் மகிழ்ச்சிக்காகவோ தம் தேவைக்காகவோ நிரல் எழுதுபவரை ஆர்வ நிரலாளர் எனலாம். பகலில் அவர் ஆசிரியராகவோ மருத்துவராகவோ வங்கி ஊழியராகவோ இருக்கக்கூடும். இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் கணினியின் முன் அமர்ந்து எதையேனும் சோதித்துப் பார்ப்பார். அச்சோதனைகளில் பெரும்பாலானவை அவர் கணினியை விட்டு வெளியே வருவதில்லை. அதில் இழப்பு ஒன்றும் இல்லை. அவர் கற்றுக்கொண்டது அவரிடமே இருக்கிறது. எப்போதோ ஒன்று வெளியே வந்து, எழுதியவர் எண்ணியும் பாராத அளவுக்குப் பரவிவிடுகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

நீட்சி என்பது யாது?

உலாவி என்பது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். அதனோடு பின்னர் இணைத்துக்கொள்ளப்படும் சிறு நிரலே நீட்சி எனப்படுகிறது. வாங்கிய மிதிவண்டிக்குப் பின்னிருக்கையும் மணியும் தனியே பொருத்திக்கொள்வதைப் போன்றது இது. மிதிவண்டி செய்த நிறுவனத்திற்கு ஒவ்வொருவரின் தேவையும் தெரிந்திருக்க இயலாது. பால்காரருக்கு வேண்டியது ஒன்று. பள்ளி மாணவிக்கு வேண்டியது மற்றொன்று.

நீட்சியை எழுதுவதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. இணையப் பக்கங்களை அமைக்கப் பயன்படும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் ஓரளவு பயிற்சி இருந்தால் போதும். ஒரு கோப்புறையில் இரண்டு அல்லது மூன்று கோப்புகள். அவற்றுள் ஒன்று அறிவிப்புக் கோப்பு. நீட்சியின் பெயர், பதிப்பு எண், அது உலாவியிடம் கேட்கும் அனுமதிகள் ஆகியவற்றை அக்கோப்பு தெரிவிக்கும். மற்றொரு கோப்பில், பக்கம் திறந்தவுடன் செய்ய வேண்டிய செயல் எழுதப்பட்டிருக்கும். நாளிதழ்ப் பக்கத்தின் எழுத்துகள் சிறிதாக இருப்பதால் தாத்தாவால் படிக்க முடியவில்லை என்றால், அப்பக்கத்தின் எழுத்தைப் பெரிதாக்கித் தரும் நீட்சியைப் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் பயிலும் மாணவர் ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். எழுதியதைத் தம் உலாவியிலேயே நேரடியாக ஏற்றி இயக்கிப் பார்க்கலாம். எந்த நிறுவனத்தின் ஒப்புதலும் அதற்குத் தேவையில்லை.

உலகுக்கு வழங்க வேண்டுமானால்தான் அங்காடிக்குச் செல்ல வேண்டும். குரோம் உலாவியின் இணைய அங்காடியில் நிரலாளராகப் பதிவு செய்ய ஒருமுறை 5 டாலர் செலுத்தினால் போதும். ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான கூகுள் பிளே அங்காடியில் ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். ஆப்பிள் நிறுவனமோ ஆண்டுதோறும் 99 டாலர் பெறுகிறது. ஆர்வத்தால் மட்டுமே எழுதுபவருக்கு, அதிலும் மாணவருக்கு, இம்மூன்று தொகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதன்று. உலாவி நீட்சிகள் ஆர்வ நிரலாளரின் விளையாட்டுத் திடலாக விளங்குவதற்கு இந்த எளிமையே முதற்காரணம். திறன்பேசிச் செயலி எழுதுவது அதைவிடக் கடினம். பலவகைத் திரை அளவுகள், பலவகை இயங்குதளப் பதிப்புகள், ஆண்டுதோறும் மாறும் அங்காடி விதிகள் என அங்கே இடர்கள் பல. ஒருமுறை எழுதிவிட்டு அமைதியாக இருக்க இயலாது. பழைய செயலியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் அது அங்காடியில் நிலைக்கும்.

பெரியோர் காணாத தேவைகள்

பெருநிறுவனம் ஒரு வசதியை உருவாக்குமுன் அதனால் எத்தனை பேர் பயனடைவர், எவ்வளவு வருவாய் வரும் என்று கணக்கிடுகிறது. ஆர்வ நிரலாளருக்கு அக்கணக்கு இல்லை. ஒருவருக்குத் தேவை என்றாலே போதும். அந்த ஒருவர் தாமாகவே இருக்கலாம். ஆகையால், பெருநிறுவனங்களின் கண்ணில் படாத தேவைகள் பல இவர்களால் நிறைவு பெறுகின்றன.

தமிழே இதற்குச் சான்று. தனியாள் கணினிகளில் தமிழை எழுதவும் படிக்கவும் வழியில்லாதிருந்த 1980களில், மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் ‘முரசு’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். அவரே 2005 ஆம் ஆண்டில் கைப்பேசிகளில் தமிழ் எழுதுவதற்காகச் ‘செல்லினம்’ என்னும் செயலியை வெளியிட்டார். அவரைப் போலவே எழுத்துருக்களும் விசைப்பலகை மென்பொருள்களும் செய்து இலவசமாக வழங்கியோர் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சிங்கப்பூரிலும் பலர். இன்று எந்தத் திறன்பேசியிலும் தமிழைத் தட்டச்சுச் செய்ய முடிகிறது. இதை இயல்பானதாகக் கருதும் தலைமுறைக்கு, அது எவருடைய இரவு உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரிந்திருப்பது நன்று.

ஆர்வ நிரலாளரிடமிருந்து பெருநிறுவனங்கள் பாடம் கற்றதும் உண்டு. 2004 ஆம் ஆண்டின் இறுதியில் ஆரன் பூட்மன் என்பவர் ‘கிரீஸ்மங்கி’ என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சியை எழுதத் தொடங்கினார். எந்த இணையதளத்தின் தோற்றத்தையும் செயலையும் பயனர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள அது வழிசெய்தது. பிற்காலத்தில் பூட்மன் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்து, குரோம் உலாவியின் நீட்சி அமைப்பை உருவாக்கிய குழுவில் முதன்மைப் பங்காற்றினார். பொழுதுபோக்காகச் செய்த சோதனை, கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் அமைப்பின் முன்னோடியாயிற்று.

அதே நீட்சியின் வரலாற்றில் இன்னொரு நிகழ்வும் குறிப்பிடத்தக்கது. 2005 ஜூலையில் அதில் கடுமையான ஒரு பாதுகாப்புக் குறைபாடு கண்டறியப்பட்டது. பயனரின் கணினியில் உள்ள கோப்புகளைத் தீய எண்ணம் கொண்ட இணையதளம் படித்துவிடக்கூடும் என்பது அக்குறைபாடு. செய்தி உடனே பகிரங்கப்படுத்தப்பட்டது. நீட்சியை நீக்கிவிடுமாறு பயனர்கள் எச்சரிக்கப்பட்டனர். ஆற்றல்மிக்க கூறுகள் அனைத்தும் அகற்றப்பட்ட ஓர் இடைக்காலப் பதிப்பு விரைந்து வெளியிடப்பட்டது. குறை சரிசெய்யப்பட்ட பின்னரே முழுப் பதிப்பு மீண்டும் வந்தது. தம் படைப்பு முடங்கினாலும் பயனர் காக்கப்பட வேண்டும் என்ற இந்த முடிவு போற்றத்தக்கது. பெரும் பொருட்செலவில் இயங்கும் நிறுவனங்கள் சிலவற்றிடமும் காணக் கிடைக்காத நேர்மை அது.

சாவியை வாங்கியவர்

வெளியூர் செல்பவர் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துச் செல்வது தமிழக ஊர்களில் வழக்கம். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும். இவற்றுக்காகக் கொடுக்கப்படும் சாவி, பீரோ இருக்கும் அறை வரை திறந்துவிடக்கூடியது. கொடுப்பவரும் அதை அறிவார். சாவி கொடுக்கப்பட்டது அந்த மனிதரை நம்பி.

நீட்சியை நிறுவும்போது பயனர் கொடுப்பதும் அத்தகைய சாவியே. எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் இந்த நீட்சியால் இயலும் என்ற பொருளில் உலாவி ஓர் எச்சரிக்கையைக் காட்டும். அதைப் படிப்பவர் சிலர். படித்துப் பொருள் உணர்பவர் மிகச் சிலர். எழுத்தைப் பெரிதாக்கும் நீட்சிக்கு அந்த அனுமதி வழங்கப்பட்டால், அதே நீட்சி பயனர் தட்டச்சுச் செய்யும் மின்னஞ்சலையும் வங்கிப் பக்கத்தையும் காணும் நிலையில் இருக்கிறது. எழுதியவர் நல்லவராக இருப்பதால் அது பார்ப்பதில்லை. அவ்வளவே பாதுகாப்பு.

குறைந்த அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது. பயனர் நீட்சியின் பொத்தானை அழுத்தும்போது மட்டும், அப்போது திறந்திருக்கும் பக்கத்தை மட்டும் அணுகினால் போதும் என்று அறிவிப்புக் கோப்பில் எழுதிவிடலாம். ஆயினும் பலர் விரிந்த அனுமதியையே கேட்டுவிடுகின்றனர். பின்னர் தேவைப்படலாம் என்ற எண்ணமும், ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்பதற்குரிய பொறுமையின்மையும் இதற்குக் காரணங்கள். சோதனையாக எழுதும்போது அது குற்றமாகாது. பிறருக்கு வழங்கும் நாளில் அதைத் திருத்தாமல் விடுவது குற்றமே.

திறன்பேசிச் செயலிகளிலும் இதே நிலை நெடுங்காலம் இருந்தது. 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 பதிப்புக்கு முன்பு, நிறுவும் வேளையிலேயே செயலி கேட்ட அனைத்தையும் ஒருசேரக் கொடுத்தாக வேண்டும். இன்றேல் செயலி இல்லை. திறன்பேசியின் ஒளியை விளக்காகப் பயன்படுத்த உதவிய ஒரு செயலி கோடிக்கணக்கில் பதிவிறக்கப்பட்டது. அது பயனர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பி வந்ததாக அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2013 டிசம்பரில் குற்றம் சாட்டி நடவடிக்கை எடுத்தது. இருட்டில் வழி பார்க்க உதவும் விளக்குக்குத் தன்னை வைத்திருப்பவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்பது எதற்குத் தெரிய வேண்டும்?

இனி, சாவி கைமாறிய கதை. உலாவியில் ஒரே நேரத்தில் பல பக்கங்களைத் தனித்தனித் தாவல்களாகத் திறந்துவைப்பது பலருடைய பழக்கம். தாவல்கள் பெருகப் பெருகக் கணினியின் நினைவகம் நிரம்பி வேகம் குறையும். நெடுநேரம் தொடப்படாத தாவல்களை உறங்கச் செய்து நினைவகத்தை மீட்டுத் தந்தது ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்னும் குரோம் நீட்சி. தனி ஒருவர் எழுதியது. மூலநிரல் எவரும் படிக்கத்தக்கவாறு திறந்து வைக்கப்பட்டிருந்தது. பயனர் எண்ணிக்கை 20 இலட்சத்தைக் கடந்தது. 2020 ஜூனில், எழுதியவர் அதை வேறொரு தரப்புக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்பது பயனர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையவை. அவ்வாண்டு அக்டோபரில் வந்த புதுப்பிப்பு, வெளியிலுள்ள ஒரு வழங்கியிலிருந்து நிரலைப் பெற்று இயக்கும் தன்மையைக் கொண்டிருந்தது. திறந்து வைக்கப்பட்டிருந்த மூலநிரலில் அந்த மாற்றம் காணப்படவில்லை. ஆர்வலர்கள் சிலர் இதைக் கண்டுபிடித்துக் குரல் எழுப்பினர். 2021 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் அந்நீட்சியில் தீநிரல் உள்ளது என்று அறிவித்து, அங்காடியிலிருந்து அகற்றியதோடு பயனர்களின் உலாவிகளிலும் முடக்கியது. உறங்கிக்கொண்டிருந்த தாவல்கள் அத்தனையும் ஒரு நொடியில் மறைந்தன. மாதக்கணக்கில் சேர்த்துவைத்த ஆய்வுப் பக்கங்களைப் பலர் உலாவியின் வரலாற்றுப் பதிவில் தேடித் துழாவி மீட்க வேண்டியதாயிற்று.

இருபது இலட்சம் பேரில் எவரும் புதியவரிடம் சாவி கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டை விற்றுச் செல்லும்போது, ஆணியில் மாட்டியிருந்த அண்டை வீட்டுச் சாவிகளையும் சேர்த்தே விற்றுவிட்டார்.

எழுதியவர் தரப்பு

இவ்விடத்தில் எழுதியவர் தரப்பையும் கேட்பது முறை. ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி உழைத்தவர் அவர். உலாவியின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஏற்ப நிரலைத் திருத்த வேண்டும். பழுது என்று முறையிடுவோர், புதிய வசதி கேட்போர், வேறு மொழியில் வேண்டும் என்போர், காரணமின்றி ஏசுவோர் என நாள்தோறும் மடல்கள் வந்து குவியும். நன்றி கூறி எழுதுபவர் அரிது. இலவசமாகப் பெற்றவர் விலை கொடுத்தவரைக் காட்டிலும் மிகுதியாகக் குறை கூறுவது உலக வழக்கம் போலும். இந்நிலையில் ஒருவர் ஒரு தொகையைக் கொடுத்து அந்தச் சுமையை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால், மறுக்கும் மனவலிமை எல்லாருக்கும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது எளிதன்று. எதுவும் கொடாத பயனருக்கு எதையும் கேட்கும் உரிமை ஏது என்றும் வினவலாம்.

இந்த வாதத்தில் பாதி ஏற்கத்தக்கது. ஆர்வ நிரலாளருக்குத் தம் படைப்பைத் தொடர்ந்து பேணும் கடமை இல்லை. களைப்புற்றால் நிறுத்தலாம், மணமாகிக் குழந்தை பிறந்தால் நிறுத்தலாம், சலிப்பு வந்தாலும் நிறுத்தலாம். அதற்கு விளக்கம் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. விற்பனை வேறு வகையானது. நிரல் அவருடையது, அதை அவர் விற்கலாம். அந்த நிரலின் உண்மையான விலை என்ன? மூலநிரல் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. வேண்டுவோர் காசின்றி எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறிருக்க, வாங்குபவர் எதற்காகப் பணம் கொடுக்கிறார்? இருபது இலட்சம் உலாவிகளுக்குள் நுழையும் வழிக்காகத்தான். அந்த வழி நிரலாளரின் உடைமையன்று. பயனர்கள் அவரை நம்பித் திறந்து வைத்தது அது.

இரண்டு முன்னுதாரணங்கள்

நிறுத்துவதற்கும் கைமாற்றுவதற்கும் நேர்மையான முறைகள் உண்டு என்பதை இருவர் காட்டியுள்ளனர்; அவர்கள் சென்ற வழிகள் வெவ்வேறு.

ரேமண்ட் ஹில் என்பவர் 2014 ஆம் ஆண்டில் ‘யூபிளாக்’ என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியை வெளியிட்டார். குறைந்த நினைவகத்தில் விரைந்து இயங்கியதால் அது வெகுவேகமாகப் பரவிற்று. மறு ஆண்டே அவர் அதன் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைத்தார். பொழுதுபோக்காகச் செய்வது வேலையைப் போலச் சுமையாகிவிட்டது என்பது அவர் கூறிய காரணம். பணம் எதுவும் பெறவில்லை. ஆனால் புதிய பொறுப்பாளரின் போக்கு அவருக்கு உடன்பாடாக இல்லை. நன்கொடை திரட்டும் முயற்சிகள் தொடங்கியிருந்தன. ஹில் தம் நிரலைத் தனிக் கிளையாக, ‘யூபிளாக் ஆரிஜின்’ என்ற பெயரில், மீண்டும் தாமே வளர்க்கத் தொடங்கினார். பழைய பெயரில் எஞ்சிய நீட்சி 2018 இல் மற்றொரு விளம்பரத் தடுப்பு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2019 இல் சில விளம்பரங்களை அனுமதிக்கவும் செய்தது. நன்கொடையைக்கூட ஏற்பதில்லை என்பது இன்றுவரை ஹில் கடைப்பிடிக்கும் நெறி. பணம் பெற்றால் கடமை பிறக்கும். கடமை பிறந்தால் பொழுதுபோக்கு மறையும் என்று அவர் கருதுகிறார் போலும்.

மற்றவர் வியட்நாமின் ஹனோய் நகரத்தைச் சேர்ந்த டாங் நுயென். ஒரு சிறு பறவையைக் குழாய்களுக்கு இடையே பறக்கச் செய்யும் ‘ஃபிளாப்பி பேர்ட்’ என்ற திறன்பேசி விளையாட்டை ஓய்வு நேரத்தில் சில நாள்களில் எழுதி, 2013 மே மாதம் வெளியிட்டார். எட்டு மாதங்கள் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2014 ஜனவரியில் திடீரென உலகெங்கும் பதிவிறக்கப் பட்டியல்களின் உச்சிக்குச் சென்றது. விளம்பரங்களால் நாளொன்றுக்கு 50,000 டாலர் அளவுக்கு வருவாய் வருவதாக அவர் ஓர் நேர்காணலில் தெரிவித்தார். அடுத்த மாதமே, முன்கூட்டி அறிவித்துவிட்டு, விளையாட்டை அங்காடிகளிலிருந்து தாமே அகற்றினார். மக்கள் அதற்கு அடிமையாவதைக் காண மனம் ஒப்பவில்லை என்றார். அந்த விளையாட்டு நிறுவப்பட்டிருந்த பழைய கைப்பேசிகளை இணையத்தில் பெருந்தொகைக்கு விற்க முயன்றோர் உண்டு.

இருவரையும் துறவிகளாகக் காண வேண்டியதில்லை. நுயென் முடிவில் ஊடக நெருக்கடிக்கும் பங்கு இருந்தது. ஹில் எல்லாருக்கும் இனியவராக நடந்துகொண்டார் என்றும் கூற இயலாது. ஆனால் பிறர் தம்மை நம்பித் திறந்த கதவை இருவரும் விலைக்குக் கொடுக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

மூலநிரல் – நிரலாளர் எழுதும் வடிவிலேயே உள்ள, மனிதர் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க நிரல்.
கிளை – ஒரு திறந்த மூலநிரலை எடுத்து, வேறு பெயரில் தனியே வளர்த்தெடுப்பது. கிரேட் சஸ்பெண்டர் கெட்ட பின்பு, அதன் பழைய நல்ல பதிப்பிலிருந்து ‘தி மார்வெலஸ் சஸ்பெண்டர்’ என்ற கிளையை ஆர்வலர்கள் உருவாக்கினர்.
வழங்கி – இணையத்தின் வழியே கேட்போருக்குத் தரவுகளை அனுப்பும் கணினி.

அங்காடியின் பொறுப்பு

தனி மனிதரின் நேர்மையை மட்டும் நம்பி இருபது இலட்சம் கதவுகளை விட்டுவைப்பது அறிவுடைமை ஆகாது. அங்காடி நடத்தும் நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒரு நீட்சி புதிய அனுமதியைக் கேட்கும்போது குரோம் உலாவி அதை நிறுத்திவைத்துப் பயனரின் ஒப்புதலை மீண்டும் பெறுகிறது. நல்ல ஏற்பாடே. கிரேட் சஸ்பெண்டர் நிகழ்வில் அது பயன்படாமற்போனது, புதிய உரிமையாளர் புதிதாக எதையும் கேட்கத் தேவையில்லாதிருந்ததால்தான். வேண்டிய அனுமதிகள் எல்லாம் பழையவருக்கே வழங்கப்பட்டிருந்தன. உரிமையாளர் மாறினால், அனுமதிகள் முற்றாக நீங்கி, பயனரிடம் புதிதாகக் கேட்கப்பட வேண்டும். வீட்டு வாடகைக்கே ஆள் மாறினால் ஒப்பந்தம் மாறுகிறது. இதற்கு மட்டும் ஏன் விலக்கு?

இதை விடுத்து, வேறொரு திசையில் விதிகள் கடுமையாக்கப்பட்டுள்ளன. நீட்சிகளுக்கான மூன்றாம் பதிப்பு விதிமுறையைக் கூகுள் 2018 இல் அறிவித்து, 2024 முதல் பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளைக் குரோமில் படிப்படியாக முடக்கியது. வெளி வழங்கியிலிருந்து நிரலைப் பெற்று இயக்குவதை இது தடுக்கிறது, அது வரவேற்கத்தக்கது. அதே விதிமுறை, பக்கத்திற்கு வரும் தரவுகளை நீட்சி தானே ஆராய்ந்து தடுக்கும் ஆற்றலையும் சுருக்கிவிட்டது. விளைவாக, நன்கொடைகூடப் பெறாத ஹில்லின் ‘யூபிளாக் ஆரிஜின்’ குரோமிலிருந்து வெளியேற நேர்ந்தது. குறைந்த ஆற்றலுடைய ‘லைட்’ பதிப்பு ஒன்றையே அவர் அங்கே வழங்க முடிந்தது. ஃபயர்பாக்ஸில் முழுப் பதிப்பு தொடர்கிறது. விளம்பர வருவாயில் வாழும் நிறுவனமே விளம்பரத் தடுப்புக்கு எல்லை வகுப்பதில் உள்ள முரண்பாட்டைப் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். நிறுவனம் பாதுகாப்பையும் வேகத்தையும் காரணம் காட்டுகிறது. இரண்டும் பொய்யல்ல. ஆயினும் கள்வனைத் தடுக்க எழுந்த சுவர், நல்ல அண்டை வீட்டாரையும் வெளியே நிறுத்திவிட்டது.

விதிகள் மேலும் மேலும் இறுகினால், கட்டணங்கள் உயர்ந்தால், ஒரு மாலைப் பொழுதில் எழுதிப் பார்க்கும் மாணவருக்கு அங்காடியில் இடமில்லாது போகும். சட்ட வல்லுநரையும் பாதுகாப்புக் குழுவையும் வைத்திருக்கும் நிறுவனங்களே எஞ்சும். தேர்வுக்கு அஞ்சி எழுதப்பட்ட ‘ஆட்பிளாக்’கும், எவருக்கும் தோன்றாத தமிழ் விசைப்பலகையும் அத்தகைய உலகில் பிறந்திருக்க வழியில்லை. ஆகவே, சோதனைக்குரிய வாயிலை அகலமாகவும், கைமாற்றத்திற்குரிய வாயிலைக் குறுகலாகவும் அமைப்பதே பொருத்தமானது.

அதுவரை ஆர்வ நிரலாளர் தம் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. சுட்டியைப் படத்தின்மீது வைத்தால் அப்படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ‘ஹோவர் ஜூம்’ என்னும் நீட்சி, பயனர்களின் இணைய நடமாட்டத்தைத் திரட்டுவதாக 2013 இல் கண்டறியப்பட்டுப் பழிக்கு ஆளாயிற்று. அதன் திறந்த நிரலிலிருந்து ‘ஹோவர் ஜூம் பிளஸ்’ என்ற கிளையை வேறொருவர் உருவாக்கினார். அதற்கும் பயனர்கள் பெருகியபோது, விலைக்குக் கேட்டும், விளம்பர நிரலைச் சேர்த்தால் மாதந்தோறும் பணம் தருவதாகக் கூறியும் அவருக்கு மடல்கள் வரத் தொடங்கின. அவர் அவற்றை மறுத்ததோடு நிற்கவில்லை. தமக்கு வந்த மடல்களை மூலநிரல் இருக்கும் அதே இடத்தில், எவரும் படிக்கத்தக்கவாறு, ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டு வந்தார். ஆயிரம் பயனருக்கு இவ்வளவு, நாட்டுக்கு நாடு இவ்வளவு என விலைப்பட்டியலோடு வந்த மடல்களும் அவற்றுள் உண்டு.